புழு வூட்டுச் சட்டை

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று புதுப் பட்டுப்புழு வந்தது, இளம்புழு. எங்க வூட்டுக்காரர் விடியலிலேயே பாப்பாரப்பட்டி போய் வாங்கி வந்து தட்டில் விட்டார். மல்பெரி இலை நல்ல கொழுந்தாக இருக்கிறது. இந்த முறை கூடு நன்றாக வரும் என்று மனசு சொல்கிறது.

பச்சியப்பன் இலை அறுக்க வந்தான். வந்தவன் நேரே, தட்டு அடுக்கியிருக்கிற புழு வூட்டுக்குள் கால் வைத்துவிட்டான். காதில் ஒரு பீடி செருகியிருந்தது. பற்ற வைக்காத பீடிதான். இவருக்கு வந்ததே கோபம். "காதுல இருக்கிறதை ரோட்டுல போட்டுட்டு, கை கால் கழுவிட்டு வாடா. புகையிலை வாடை பட்டா புழு கக்கிக்கிட்டே சாவும், தெரியாதா உனக்கு?"

"பத்தவே வெக்கலீங்கண்ணே."

"அதைப் போயி புழுகிட்ட சொல்லு" என்று வெளியே அனுப்பிவிட்டார்.

எங்கள் பட்டுக்கூட்டுக்குத் தர்மபுரி மார்க்கெட்டில் நல்ல பேர் என்றால் அது சும்மா வரவில்லை. இவரும் பீடி குடிக்கிறவர்தான். ஆனால் புழு வூட்டுக்குப் போகும் முன் வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் குளித்து, ஆணியில் தொங்கும் நீலச் சட்டையை மாட்டி, வாசலில் கொட்டியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துத்தான் உள்ளே போவார். ஒரு நாளும் தவறியதில்லை.

பத்து மணிக்குப் பாப்பாவைக் குளிப்பாட்டினேன். மகள் கலைமதி பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். புள்ளைக்கு நாலாவது மாசம் நடக்கிறது. நறுமுகை என்று பேர் வைத்தார்கள். எனக்கு அது வாயில் நுழையவில்லை, பாப்பாதான். காலை நீட்டி அதன்மேல் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கை நீவி, கங்கில் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் தலையைக் காட்டி எடுத்தால் முடி அப்படி மணக்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் தலையைத்தான் மோந்து பார்க்கிறார்கள். "உங்க கை ராசிங்க" என்கிறார்கள். இந்தத் தெருவில் வேறு எந்தப் புள்ளைக்கு இந்த வாசம் இருக்கிறது?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் கட்டிலில் சாய்ந்து பீடி பற்ற வைத்தார். பாப்பா பக்கத்திலேயே கிடந்தாள். புகை பட்டதும் தும்மினாள். "தாத்தாவுக்கு வணக்கம் சொல்றா பாரு" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அது எப்போதும் இருக்கிற இருமல்.

அக்டோபர் 24, வியாழன்

பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது. காலையில் பனி. சாம்பிராணி கொஞ்சம் கூடவே போட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

பாப்பா குளித்துவிட்டுத் தூளியில் தூங்கினாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எங்கோ பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இல்லை. அடுக்களையில் பார்த்தேன். இல்லை. சத்தம் தூளிக்குள் இருந்து வந்தது.

துணியை விலக்கினால், புள்ளையின் நெஞ்சு உள்ளே போகிறது. விலா எலும்புக்கு நடுவில் தோல் குழி விழுகிறது. மூக்கு விடைக்கிறது. அழக்கூட மூச்சு இல்லை. கண்ணை மட்டும் திறந்து என்னையே பார்க்கிறாள்.

கலை கத்திய கத்தலில் இவர் புழு வூட்டில் இருந்து நீலச் சட்டையோடு ஓடி வந்தார். பச்சியப்பன் டெம்போவில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டி டாக்டரிடம் போனோம். மூஞ்சியில் ஒரு மூடி வைத்து மருந்துப் புகை மாதிரி ஏதோ காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அடங்கியது.

அப்புறம் டாக்டர் கேட்டார். "வீட்ல யாரு பீடி, சிகரெட் பிடிக்கிறீங்க?"

கலை தரையைப் பார்த்தாள். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் சொன்னேன், "எங்க வூட்டுல அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லீங்க."

எப்படிச் சொன்னேன் அதை? என் மகனாக இருக்கக்கூடிய வயசு அந்த டாக்டருக்கு. அவர் முன்னால் எங்க வூட்டு மனுசர் தலை குனிந்து நிற்கிறதா என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. அந்த நேரத்தில் புள்ளை தோன்றவில்லை.

டாக்டர் இவர் சட்டைப் பையைப் பார்த்தார். அவசரத்தில் நீலச் சட்டைக்கு மேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பையில் பீடிக்கட்டு புடைத்துக்கொண்டு தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே, "இருந்தாலும் சொல்றேன்ம்மா. குழந்தை பக்கத்துல எந்தப் புகையும் ஆகாது. வெளிய போய் பிடிச்சுட்டு வந்தாலும் துணியிலயும் மூச்சுலயும் ஒட்டிக்கிட்டு வரும். அடுத்த தடவை இதைவிட பலமா இழுக்கும்" என்றார்.

அடுத்த தடவை. வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில்.

அக்டோபர் 29, செவ்வாய்

யார் சொல்வது இவரிடம்?

கலையிடம் சொன்னேன், நீ கேளுடி, உன் பேச்சைக் கேட்பார் என்று. "அப்பாகிட்ட நான் எப்படிம்மா சொல்றது" என்கிறாள். பெற்ற மகளே அப்படி. நான் மட்டும் சொல்லியிருக்கிறேனா? சொன்னால் என்ன, அடிக்கவா போகிறார்? அதெல்லாம் இல்லை. தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து போவார். பேசமாட்டார். வூட்டில் ஒரு ஆள் பேசாமல் நடமாடினால் சுவரெல்லாம் கிட்டே வந்த மாதிரி இருக்கும். அதற்குப் பயந்தே வாயை மூடிப் பழகிவிட்டேன்.

இன்று இவர் பற்ற வைத்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். என்ன ஆச்சோ என்று பின்னாலேயே கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு வருகிறார். இன்னொரு கையில் பீடி.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மாப்பிள்ளை குரு ஓசூரில் இருந்து வந்தார். பட்டாசுப் புகைக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்தி ஈரத்துணி செருகி வைத்தேன். பாப்பாவை வாசல் பக்கம் கொண்டுபோகவேயில்லை.

மாப்பிள்ளை புள்ளையைத் தூக்கிக் குல்லாவைக் கழற்றினார். மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் மாறியது. மாமனாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதை தெரிந்த புள்ளை. ஆனால் சாயங்காலம் கலையிடம் தோட்டத்துப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. "குல்லா பூரா பீடி நாத்தம். அஞ்சாம் மாசம் அனுப்பி வெக்கறது, சீரு, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே கிளம்பு."

என் வூட்டில் இருந்து புள்ளையைப் பாதியில் எடுத்துக்கொண்டு போவதா? ஊர் என்ன கேட்கும்? தீர்த்தம்மா வூட்டில் புள்ளைக்கு ஆகவில்லையாமே என்று என் பேரைச் சொல்லிக் கேட்கும்.

கோபம்தான் வந்தது முதலில். படுத்த பிறகு அது போய்விட்டது. பாப்பாவின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

கலை அழுது கேட்டதால் மாப்பிள்ளை தனியாகப் போனார். "இன்னொரு தடவை இழுத்துச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன் அத்தை" என்று என்னிடம் நேராகவே சொன்னார். சரிங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

நவம்பர் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

புழு கடைசித் தோல் உரித்துப் பெரும் தீனி தின்கிறது. மழை பெய்கிற மாதிரி சரசரவென்று சத்தம். இவர் குளித்து, நீலச் சட்டை மாட்டி, சுண்ணாம்பை மிதித்து நின்றார். உள்ளே போகும் முன் வலது கை விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். இத்தனை வருசமாகப் பார்க்கிறதுதான். இன்றைக்குத்தான் அது கண்ணில் குத்தியது.

"விரலை எதுக்குங்க மோந்து பாக்கறீங்க?"

"பீடி வாடை இருக்குதான்னுதான். புதுசா கேக்கற?"

"இருந்தா?"

"இருந்தா மறுபடி கழுவணும். இல்லைன்னா புழு தட்டுத் தட்டா சுருண்டுக்குமே."

"பாப்பாவைத் தூக்கறப்ப எந்த விரலை மோந்து பாத்தீங்க?"

இவர் அப்படியே நின்றார். உள்ளே சரசர சத்தம். நானா பேசினேன் என்று இருந்தது.

"புழுவும் புள்ளையும் ஒண்ணா?" என்றார்.

"ஒண்ணு இல்லீங்க. புழு செத்தா வேற புழு வாங்கியாருவீங்க."

உள்ளே போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. போகட்டும். நான் அவரைப் பார்த்துப் பயந்தது போதும். இப்போது பயம் எல்லாம் தூளியில் கிடக்கிறது.

நவம்பர் 6, புதன்

நீலத் துணி மீதி இருந்தது. டெய்லர் நிர்மலாவிடம் கொடுத்து அதே மாதிரி ஒரு சட்டை உடனே தைத்து வாங்கினேன். எங்கள் வூட்டு வாசலில் ஆணி அடித்து மாட்டினேன். பக்கத்தில் வாளித் தண்ணீர், சோப்பு. படிக்குக் கீழே சுண்ணாம்புத் தூள். சுண்ணாம்புக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று கலை சிரிக்கிறாள். எனக்கும் தெரியும். ஆனால் இந்த மனுசருக்குக் காலில் சுண்ணாம்பு பட்டால்தான் இது சுத்தமாகப் போக வேண்டிய இடம் என்று உறைக்கும்.

பீடி எல்லாம் மல்பெரித் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், கிணற்று மேட்டில். குடித்தால் குளித்துவிட்டு, வாய் கொப்பளித்து, கொஞ்ச நேரம் ஆறிவிட்டுத்தான் வூட்டுக்குள். கலையை விட்டு இதை இவரிடம் சொல்லச் சொன்னேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இவர் சாயங்காலம் கிணற்றுமேட்டில் இருந்து வந்தார். வாளியை எடுத்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்புறம் உள்ளே பார்த்து, "சட்டை இதுதானா?" என்றார்.

நவம்பர் 9, சனி

பச்சியப்பன் இலை மூட்டை இறக்க வந்தான். தண்ணி குடிக்க உள்ளே வரப் பார்த்தவனைக் கை கால் கழுவச் சொன்னேன்.

"என்னங்கண்ணி, உங்க வூட்டுக்குள்ள வர்றதுக்கும் சுண்ணாம்பு மிதிக்கணுமா? நாங்க என்ன உள்ள வந்து கூடா கட்டப் போறம்?"

"நீ கூடு கட்டினா எவன்டா வாங்குவான்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் நின்று பேசினார் என்பதற்காகவே வந்த சிரிப்பு.

நவம்பர் 16, சனி

பாப்பாவுக்குச் சளி இல்லை. வெயில் நன்றாக அடித்ததால் வெளியே திண்ணையில் உட்கார்த்தி வைத்துத் தலை துவட்டினேன். சாம்பிராணி தீர்ந்து போய் இரண்டு மூன்று நாளாகப் போடவில்லை, சந்தையில் வாங்க வேண்டும். கழுத்து நன்றாக நிற்கிறது. தாத்தாவின் நீலச் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுக்கிறாள். அவர் சட்டையை மோந்து பார்த்தேன். சோப்பு வாசம். இவரைத் திருத்திவிட்டேன் என்று தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சந்தையில் நல்ல பால் சாம்பிராணி கிடைத்தது. வூடே மணக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

மறுபடியும் அந்தச் சத்தம். லேசாகத்தான். டாக்டர் கொடுத்தனுப்பிய மூடியை மூஞ்சியில் வைத்து மருந்தை அடித்ததும் அடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குச் சொல்லாதேடி என்று கலையின் கையைப் பிடித்தேன்.

எப்படி வந்தது? வாசலில் சட்டை தொங்குகிறது, தண்ணீர் இருக்கிறது. அப்புறம் எப்படி? ஒளிந்து குடிக்கிறாரா? யாரும் பார்க்காதபோது அடுக்களையில் நின்று இரண்டு இழுப்பு இழுக்கிறாரா? இவர் குளிக்கும்போது சட்டைப் பையில் கை விட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி இல்லை. அதனால் என்ன, வேறு எங்காவது வைத்திருப்பார்.

இவர் கையைப் பிடித்து விரலை மோந்தேன். "நல்லா மோந்து பாரு" என்று இன்னொரு கையையும் நீட்டினார். சோப்புதான் மணத்தது. நான் நம்பவில்லை.

நவம்பர் 30, சனி

புயல் என்று டிவியில் சொல்கிறார்கள். புதுப் புழு வேறு இருக்கிறது. ஈர இலை போட்டால் புழுவுக்கு ஆகாது என்று இவர் அறுத்த இலையை எல்லாம் உள்ளே பரப்பி வைத்திருக்கிறார். குளிர். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு.

டிசம்பர் 3, செவ்வாய்

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி. மாப்பிள்ளைதான் இந்த நோட்டையும் மாற்றுத் துணியோடு எடுத்து வந்தார். எழுதினால் நெஞ்சுப் படபடப்பு குறையுமா பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் இருந்து மழை என்றால் அப்படி மழை. குளிர் ஏறிவிடக் கூடாது என்று அறைக்குள்ளேயே பாப்பாவைக் குளிப்பாட்டினேன். துவட்டினாலும் தலை காயவில்லை. கங்கு நிறைய அள்ளி வந்து, சாம்பிராணியைக் கை நிறையப் போட்டு, கதவைச் சாத்தி, நன்றாகக் காட்டினேன். பால் குடித்துத் தூங்கினாள். தூங்கிக் கொஞ்ச நேரம்தான். இந்தத் தடவை சத்தம்கூட இல்லை. உதடு நாவற்பழம் மாதிரி இருந்தது.

கலை அலறினாள். நான் என்ன செய்தேன் தெரியவில்லை. இவர்தான் புள்ளையை நீலச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினார். முழங்கால் தண்ணி. பச்சியப்பன் டெம்போவைத் தார்ரோட்டில் நிறுத்தியிருந்தான். வழியில் புளியமரம் விழுந்து கிடந்தது. இறங்கி, சுற்றி, மறுபடி ஏறினோம். புள்ளை மூச்சு விடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டெம்போவில் வைத்து நான் பேசியது. பச்சியப்பன் முன்னால். "நீ குடிச்சிருக்க. மழைன்னு கெணத்துக்குப் போவாம வூட்டுக்குள்ளயே குடிச்சிருக்க. புழுவுக்குக் குளிச்ச. என் புள்ளைய கொன்னுட்ட. நீதான், நீதான் கொன்ன."

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவரை நீ என்று சொன்னதில்லை.

அவர் குனிந்து புள்ளை மூஞ்சியில் மழை படாமல் மறைத்துக்கொண்டே வந்தார். முதுகு முழுக்க நனைந்து ஊற்றியது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் உதடு நிறம் மாறியது. டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. "இவர் பீடி குடிப்பாருங்க. போன தடவை பொய் சொல்லிட்டேன். இப்ப வூட்டுக்குள்ள குடிக்கறதில்லைன்னு சொல்றாரு, நெசமா பொய்யான்னு தெரியலீங்க." எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். இவர் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நேற்றுக் காலை ஜாஸ்மின் என்று ஒரு நர்ஸ் பாப்பாவைத் தூக்கி மருந்து வைத்தது. குழாயைச் சரி செய்யக் குனிந்த அந்த நர்ஸ் புள்ளை, "தலையெல்லாம் சாம்பிராணி மணக்குதே ஆயா. தினமும் போடுவீங்களா?" என்று கேட்டது.

இத்தனை நேரத்துக்கு அப்புறம் ஒருத்தர் நல்லதாக ஒரு வார்த்தை கேட்கிறாரே என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஒரு நாள் விடாம போடுவம்மா. சளி இருந்தா ரெண்டு பங்கு. ஞாயித்துக்கிழமை மழைக்குக் கதவெல்லாம் சாத்திட்டு நல்லாவே காட்டினேன்."

அந்த நர்ஸின் கை நின்றுவிட்டது.

மெதுவாகத்தான் சொன்னது. "ஆயா, அதுவும் புகைதானே. பீடியும் ஆவாது, அதுவும் ஆவாது. இத்தனூண்டு நெஞ்சு. பூட்டின ரூம்ல எப்படித் தாங்கும்?"

கலை என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. குளித்த பிறகு, குளித்த பிறகு. ஒவ்வொரு தடவையும் குளித்த பிறகுதான்.

இவர் சுவரோரம் நின்றார். அவரைப் பார்க்க எனக்குக் கண் எழவில்லை.

டிசம்பர் 4, புதன்

பயமாக இருக்கிறது. புள்ளை பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். இது வேறு பயம். என் கையில் இனிமேல் புள்ளையைக் கொடுப்பார்களா? நானே எப்படி வாங்குவேன்?

எந்தப் புகையும் ஆகாது என்று அந்தச் சின்ன டாக்டர் அன்றைக்கே சொன்னார். எந்தப் புகையும் என்றுதான் சொன்னார். என் காதில் பீடி மட்டும்தான் விழுந்தது. சாமிக்குப் போடுகிறதைப் புகை என்று யார் நினைத்தார்கள்?

மத்தியானம் வராண்டாவில் இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். டெம்போவில் பேசினதற்கெல்லாம் சேர்த்துத் திட்டட்டும். அவர் டீயை ஆற்றி என்னிடம் நீட்டினார். "நான் வாயில வெச்சுக் குடிச்சேன், நீ சட்டியில வெச்சுக் குடுத்த. குடி, ஆறுது" என்றார்.

வாங்கிக் குடித்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது. அவர் ஆஸ்பத்திரி வந்த நாளில் இருந்து பீடி தொட்டாரா என்று தெரியவில்லை. நான் மோந்து பார்க்கவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

வூட்டுக்கு வந்துவிட்டோம். புழுவுக்கு இலை போட ஆள் இல்லாமல் பாதி செத்துவிட்டது, மீதி சீக்காகிவிட்டது. இவர் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குழியில் போட்டு மூடினார். நான் சாம்பிராணிச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொல்லையில் கவிழ்த்தேன். கொசுவர்த்திச் சுருளையும் தூக்கிப் போட்டேன். தூளிக்கு மேல் வலை கட்டியாச்சு.

கலை புள்ளையை அவளே குளிப்பாட்டினாள். நான் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். என்னைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்றும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 14, சனி

"அம்மா, தண்ணி ஊத்த வா. எனக்குத் தனியா வழுக்குது" என்றாள் கலை.

காலை நீட்டி உட்கார்ந்தேன். புள்ளையை என் கால்மேல் போட்டாள். எத்தனை புள்ளை குளிப்பாட்டிய கை, முதல் தண்ணியை ஊற்றும் முன் இரண்டு தடவை சூடு பார்த்தது. குளித்ததும் வெயிலில் உட்கார்ந்து பழைய வேட்டித் துணியால் துவட்டித் துவட்டிக் காய வைத்தேன். மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். கலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா தூங்கி எழுந்து சிரித்த பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம்.

தலையை மோந்து பார்த்தேன். வெறும் புள்ளை வாசம்.

டிசம்பர் 27, வெள்ளி

சத்தம் இல்லை. மழைத் தூறல் இருந்தும் இல்லை. ஆனாலும் எங்கேயாவது பூனை கத்தினால் ஓடிப்போய்த் தூளியை விலக்கிப் பார்க்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கலையையும் பாப்பாவையும் அழைத்துப்போக மாப்பிள்ளை காரோடு வந்தார். அஞ்சாம் மாசம் போக வேண்டியவர்கள், ஏழாம் மாசம்தான் கிளம்புகிறார்கள். வாசலில் யாரும் சொல்லாமலே கால் கழுவினார். அவர் பீடி சிகரெட் தொடாதவர். வரும் வழியில் டீக்கடையில் நாலு பேர் புகைத்துக்கொண்டிருந்தார்களாம்.

சீரோடு சேர்த்துச் சாம்பிராணிச் சட்டியும் வைப்பதுதான் எங்கள் வழக்கம். வைக்கவில்லை. சம்பந்தியம்மா கேட்டால் என்ன சொல்வது என்றாள் கலை. என்மேல் பழியைப் போடுடி, எங்கம்மாவுக்கு ஒத்துக்கலைன்னு சொல்லு என்றேன். பாப்பாவை இவர்தான் நீலச் சட்டையோடு கார் வரைக்கும் தூக்கிப்போனார். பித்தானை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கார் போனதும் வூடு என்னமோ பெரிசாகிவிட்டது. தூளிக் கயிற்றை அவிழ்க்கவில்லை. உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.

இவர் கிணற்றுமேட்டுக்குப் போனார். எதற்கு என்று எனக்குத் தெரியும். குறைத்துவிட்டார், விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசலில் வாளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கை கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பையும் மிதித்தார்.

"பாப்பாதான் போயிட்டாளே. இன்னும் எதுக்குங்க இதெல்லாம்?" என்றேன்.

பித்தானைப் போட்டுக்கொண்டே, "நீ இருக்கியே" என்றார்.